குளத்தில் இருந்து தொடங்குங்கள், ரீச்சர்

முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தியாவின் விண்வெளித் துறை வளர்ந்துகொண்டே போகிறது. இலங்கையும் செய்மதி விட்டதாகச் சொல்கிறார்கள். எங்கள் வன்னிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்ப எனக்கு ஆசை. ஆனால் போக வழியில்லாத இடத்தைக் காட்டி ஆசை ஊட்டினால் அது பாவமாகிவிடாதா?"

பாவமில்லை ரீச்சர். ஆனால் எதைக் காட்டி ஆசை ஊட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். நான் ஒட்டுசுட்டான் பக்கத்தவன். பத்து வருடத்துக்கு மேலாகச் செய்மதிப் படங்களோடுதான் வேலை செய்கிறேன். குளம், வயல், காடு, வெள்ளம், இவற்றை மேலிருந்து பார்த்து அளப்பது என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் தொழில் வழிகாட்டல் நாளுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன் பேசியவர் ரொக்கெட் ஏவும் வீடியோக்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். முடிவில் பின் வரிசையில் இருந்து ஒரு பையன் எழும்பி, "சேர், இந்த வேலைக்கு இலங்கையில எங்க விண்ணப்பிக்கிறது?" என்று கேட்டான். மேடையில் இருந்த எங்கள் ஒருவரிடமும் உடனே பதில் இல்லை. நன்றாகப் படித்தால் எல்லாம் தேடி வரும் என்று யாரோ சொன்னார்கள், அவன் இருந்துவிட்டான். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. ரொக்கெட் வீடியோவில்தான் அது இல்லை.

முதலில் உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்கும் மறைக்காமல் சொல்லுங்கள். இஸ்ரோவில் வேலைக்குச் சேர இந்தியக் குடியுரிமை வேண்டும். நாசாவின் அரச வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அமெரிக்காவின் தனியார் ரொக்கெட் கம்பனிகளிலும் ஏற்றுமதிச் சட்டங்கள் வெளிநாட்டவருக்குப் பெரிய தடை. இலங்கையில் ரொக்கெட் ஏவுதளம் கிடையாது. ஆகவே "நீ நாளைக்கு ரொக்கெட் விடுவாய்" என்று ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் விண்வெளித் துறை என்று சொல்லப்படுவதில் ரொக்கெட் ஒரு சிறு பங்குதான். செய்மதி அனுப்பும் தரவைப் பிடிப்பது, அதைப் படமாக்குவது, படத்தைப் படித்து விவசாயிக்கும் மீனவருக்கும் அனர்த்த முகாமைத்துவத்துக்கும் பயன்படும் செய்தியாக்குவது, அதற்கான மென்பொருள் எழுதுவது, அன்ரெனா வடிவமைப்பது, நில அளவை செய்வது என்று பெரும் பகுதி வேலை தரையில்தான் நடக்கிறது. தரையில் நடக்கும் இந்த வேலைக்கு வன்னிப் பிள்ளைக்கு வழி உண்டு. நானே அப்படிப் போனவன்தான்.

இங்கே எங்கள் மண்ணுக்குரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். என் வயதுக்காரருக்கு வானம் என்றால் கிபிர் போர்விமானத்தின் சத்தம். தலைக்கு மேல் இரைந்துகொண்டே சுற்றும் வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்திருந்தோம். சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவோம், யாரும் அண்ணாந்து நின்று பார்த்ததில்லை. இன்றைக்கு உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அந்த நாட்களில் கைக்குழந்தைகள், அவர்களுக்கு நினைவிருக்காது. வீட்டில் அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் நினைவிருக்கிறது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் செய்மதிகளும் எங்கள் கரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. முள்ளிவாய்க்கால் மணலில் நெருக்கியடித்து நின்ற தறப்பாள் கொட்டில்கள் தெரியும் படங்களை ஐ.நா.வின் செய்மதிப் பகுப்பாய்வுப் பிரிவு ஆராய்ந்தது. 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையிலும் அந்தப் படங்கள் இடம்பெற்றன. வானத்தில் இருந்து பார்க்கும் கண் எல்லாம் ஒரே மாதிரியானவை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்து உயர்தரம் எழுதி, சப்ரகமுவ பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானேன். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பெலிஹுல் ஓயாவில், இரண்டாம் வருட ஆய்வுகூடத்தில், அமெரிக்காவின் லாண்ட்சாட் செய்மதி எடுத்த படம் ஒன்றைத் திறந்து, அவரவர் ஊரைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். எங்கள் வீடும் வளவும் ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடும், அதுவும் அப்போது வீடு இருக்கவில்லை. முத்தையன்கட்டுக் குளத்தைப் பிடித்தேன். குளக்கட்டு ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் வழியே, வாய்க்காலின் வழியே, மெல்ல மெல்ல எங்கள் வளவு இருந்த புள்ளிக்கு வந்து சேர்ந்தேன். இந்தத் தொழிலை நான் தெரிந்தெடுத்தது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், குளத்தில் இருந்து தொடங்குங்கள். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை ஒன்று போதும். ஐரோப்பாவின் சென்ரினல்-2 செய்மதிகள் எடுக்கும் படங்கள் எல்லோருக்கும் இலவசம். கொப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற இணையத்தளத்துக்குப் போனால் எந்த ஊரையும், 2015இன் நடுப்பகுதியில் இருந்து செய்மதி அந்த ஊரைக் கடந்துபோன எந்தத் திகதியையும் திறந்து பார்க்கலாம். இரணைமடுவைத் திறவுங்கள். செப்ரெம்பர் மாதப் படம் ஒன்று, ஜனவரி மாதப் படம் ஒன்று. வற்றிச் சுருங்கிய குளமும் நிரம்பிய குளமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும்பும் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவும்.

பிறகு போலிநிறப் படத்துக்கு மாற்றுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரைச் சிவப்பு நிறமாகக் காட்டும் படம் அது. ஆரோக்கியமான இலை அந்தக் கதிரைப் பெருமளவில் தெறிக்கவைக்கும், தண்ணீர் அதை உறிஞ்சிவிடும். அதனால் காலபோக வயல் இரத்தச் சிவப்பாகவும் குளம் கறுப்பாகவும் தெரியும். ஜனவரியில் காடும் சிவப்பு, வயலும் சிவப்பு, பிரித்தறிவது கடினம். மார்ச் மாதப் படத்தில் அரிவு வெட்டு முடிந்த வயல் சாம்பல் நிறமாகிவிடும், காடு மட்டும் சிவப்பாகவே நிற்கும். ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். வயலுக்குப் போய் வந்த பிள்ளை வகுப்பில் யாராவது ஒருவர் இருப்பார், அவர் சொல்லட்டும். பரீட்சையில் பின்னுக்கு நிற்கும் பிள்ளை அன்றைக்கு முன்னுக்கு வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கணக்கு. சென்ரினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது 100 சதுர மீற்றர். ஒரு ஏக்கர் கிட்டத்தட்ட 4,047 சதுர மீற்றர். ஆகவே அப்பாவின் இரண்டு ஏக்கர் வயல் சுமார் 80 புள்ளிகள். எண்ணச் சொல்லுங்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் பேசும்போது குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பதைப் பார்த்துத்தானே முடிவெடுக்கிறார்கள்? ஐந்து வருடங்களின் ஏப்ரல் மாதப் படங்களை எடுத்து, குளத்தின் நீர்ப்பரப்பை அளந்து, அந்தந்த வருடம் விதைத்த ஏக்கரோடு ஒப்பிட்டால் அதுவே ஓர் ஆய்வு. கமக்கார அமைப்பின் செயலாளர் அதை ஆர்வமாகக் கேட்பார். தான் செய்த படத்தை வைத்து ஊர்ப் பெரியவர்கள் பேசுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு நீங்கள் வேறு ஊக்கம் கொடுக்கத் தேவையே இல்லை.

ஒரு தடங்கல் வரும். மாரி மாதங்களில் படத்தைத் திறந்தால் முழுவதும் வெண்மேகம். வெள்ளம் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். அந்த இடத்தில்தான் பாடம் நன்றாக இருக்கும். 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் மூழ்கியதை அவர்கள் சின்ன வயதில் கண்டவர்கள். அந்தக் காலத்துச் சென்ரினல்-1 படத்தைத் திறவுங்கள். அது ராடர் செய்மதி. தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதியும். இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. அமைதியான நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடிபோல வேறு பக்கம் தெறிக்கவைத்துவிடும், செய்மதிக்குத் திரும்பி எதுவும் வராது, ஆகவே வெள்ளம் கருமையாகத் தெரியும்.

இப்போது கேளுங்கள்: மழை பெய்தால் வீட்டில் டிஷ்சில் படம் போய்விடுகிறதே, இந்த ராடர் மட்டும் எப்படி மேகத்தைத் தாண்டுகிறது? டிவி அலையின் நீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவு, பல மில்லிமீற்றர் பருமனான மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கப் போதும். சென்ரினல்-1இன் அலைநீளம் ஐந்தரைச் சென்ரிமீற்றர். மேகத்துளிகளோ மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவு, அந்த அலை அவற்றைக் கவனிப்பதேயில்லை. அலை பற்றிய அலகு முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே படிப்பிக்கலாம்.

டிஷ் என்றதும் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. உயர்தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு டிஷ் பூட்டித் திரியும் பொடியன்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். திசை, ஏற்றக் கோணம், சமிக்ஞையின் பலம் எல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். லண்டனில் சித்தப்பா வீட்டு டிஷ் சுவரோடு சுவராக நிமிர்ந்து நிற்கும்போது, நம் வீட்டு டிஷ் ஏன் இப்படி வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். செய்மதி பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. கிளிநொச்சி வட அகலக்கோடு ஒன்பதரைப் பாகையில் இருக்கிறது. அதனால் இந்தியச் செய்மதிகள் பல நமக்கு அடிவானத்தில் இருந்து 70 பாகைக்கு மேல், கிட்டத்தட்ட உச்சிக்கு அருகில். மூன்று செய்மதிகளை அந்த உயரத்தில் நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் சாகும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் பெயரில் 1984இல் தொடங்கிய நவீன தொழில்நுட்ப நிறுவகம் மொறட்டுவை கட்டுபெத்தையில் இருக்கிறது. கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போகும்போது மிருகக்காட்சிச்சாலையோடு திரும்பாமல், முன்கூட்டியே அனுமதி எடுத்து அங்கேயும் ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

இலங்கை விட்ட செய்மதி என்று நீங்கள் குறிப்பிட்டது இராவணா-1 என்று நினைக்கிறேன். பத்துச் சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு கனவுரு, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் படிக்கப்போன இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அதைக் கட்டினார்கள். 2019 ஏப்ரலில் மேலே போய், ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து வெளிவிடப்பட்டது. நேபாளத்தின் முதல் செய்மதியும் அதே திட்டத்தில்தான் போனது. வழி என்று நான் சொல்வது இதைத்தான். அதே கியூஷு நிறுவகத்தில் நுண்செய்மதித் தொழில்நுட்பம் படிக்க ஐ.நா.வும் ஜப்பான் அரசும் சேர்ந்து வளர்முக நாட்டுப் பட்டதாரிகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. இந்தியாவின் டேராடூனில் ஐ.நா.வோடு இணைந்த ஆசிய பசிபிக் விண்வெளிக் கல்வி நிலையம் 1995இல் இருந்து இயங்குகிறது, இலங்கையும் அதில் உறுப்பு நாடு. தொலையுணர்வு, செய்மதித் தொடர்பாடல் எல்லாம் அந்த நிலையத்தின் ஊடாகப் பட்டப்பின் படிப்பாகக் கற்கலாம். இஸ்ரோ வேலை பூட்டியிருந்தாலும் இந்தியாவின் படிப்பு திறந்திருக்கிறது.

அதற்கு முந்திய படிகள் எங்கே என்றால், பல எங்கள் வாசலிலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில். கணினி, மின்னியல், இயந்திரவியல் எல்லாம் அங்கே உண்டு. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, பம்பைமடுவில் கணினி விஞ்ஞானம் படிக்கலாம். நான் படித்த சப்ரகமுவவில் புவித்தகவல் பீடமே தனியாக இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதாத பிள்ளைக்கு அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது.

கடைசியாகச் சொன்னதை ஆறுதல் பரிசாக நினைத்துவிடாதீர்கள். சந்திரயான்-3 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வேத் தொழில்நுட்பவியலாளரின் மகன். பள்ளிக்கூடம் முடித்துப் பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவில்தான் தொடங்கினார். சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கக் கிராமத்தவர், தமிழில் படித்தவர். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய நிகர் சாஜி செங்கோட்டையில் பிறந்த பெண். இவர்கள் பெயரைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், மொழி ஒன்று என்பதால். ஆனால் பெருமையோடு நிறுத்திவிடாமல், அவர்கள் எந்தப் பாடத்தை, எத்தனை வருடம், எங்கே படித்தார்கள் என்று படிப்படியாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழில் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதப் பழகாத பிள்ளை முதல் வருடத்தில் தவித்துப்போகும். நான் தவித்தேன்.

உங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். அவர்களிடம் விண்வெளி ஆம்பிளை வேலை என்று யாராவது சொன்னால் முகமாலையைக் காட்டுங்கள். அங்கே கண்ணிவெடி அகற்றிய பெண்கள் முழங்காலில் இருந்து, சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக மண்ணைச் சுரண்டி, கண்ட ஒவ்வொன்றையும் பதிந்து வைத்து, விதிமுறையில் ஒரு படிகூடத் தவறாமல் வருடக்கணக்காக வேலை செய்தவர்கள். செய்மதி பூட்டும் தூசியில்லாத அறையிலும் வேலை அப்படித்தான். ஒவ்வொரு திருகாணியும் எவ்வளவு இறுக்கப்பட்டது என்று எழுதி வைப்பார்கள், அவசரக்காரருக்கு அங்கே இடமில்லை. அந்தப் பொறுமை எங்கள் அம்மாக்களிடமும் அக்காக்களிடமும் ஏற்கனவே இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் "இதைப் படிச்சால் வேலை நிச்சயமோ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் வேலை பெரும்பாலும் செய்மதி என்ற பெயரோடு வராது என்று சொல்லுங்கள். நில அளவை, வரைபடம், தொலைத்தொடர்பு, மென்பொருள் என்றுதான் வரும். பிள்ளை செய்மதிக்குப் போகாவிட்டாலும் கற்றது சோறு போடும். எனக்கு முதல் சம்பளம் வந்தது வீதிகளின் வரைபடம் கீறித்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னுமொன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கைக்கு மேலாகப் போக வேண்டிவரும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், பிறகு வளைகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும், சிறிய ரொக்கெட்டுக்கு அது பெரிய நட்டம். அதைத் தவிர்க்கத்தான் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டுகிறார்கள், 2024 பெப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள். மன்னாரில் இருந்து அது ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான். அங்கிருந்து ரொக்கெட் போகத் தொடங்கியதும், வானம் வெளித்திருக்கும் ஒரு மாலையில் சிலாவத்துறைக் கரையில் நின்றால் தெரிய நல்ல வாய்ப்பிருக்கிறது. கிபிருக்குப் பயந்து பங்கருக்குள் ஓடிய அம்மாவையும் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிவரட்டும்.

சரி, உங்கள் பாடசாலையில் இணையம் சரிவராது என்றால் யோசிக்க வேண்டாம். எந்தக் குளம், எந்த வயல்வெளி என்று மட்டும் எழுதுங்கள். பத்து வருடப் படங்களையும் இறக்கி, பென் டிரைவில் போட்டு, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளையும் சேர்த்து அனுப்புகிறேன். பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால் போதும். தவணை விடுமுறைக்கு ஊருக்கு வருவேன். அதற்குள் பிள்ளைகள் தங்கள் வயலின் புள்ளிகளை எண்ணி வைத்திருந்தால், நாடாவை எடுத்துக்கொண்டு வரம்பில் நடந்து சரிபார்க்கலாம்.